தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை: ஆமைத் தொட்டி பற்றி ஓர் எளிய விளக்கம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு ஆமைக்குட்டி வந்த முதல் இரண்டு மாதங்களில் நான் தொட்டியைக் கழுவாத நாள் குறைவு. ஆமையைத் தூக்கி ஒரு வாளிக்குள் விடுவேன். தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டு, கண்ணாடி, கல், பில்டர் எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் தேய்ப்பேன். பிறகு பைப்பைத் திறந்து நிரப்புவேன். அன்று முழுக்கத் தொட்டி பளிச்சென்று இருக்கும். அடுத்த நாள் பின்னேரமே தண்ணீர் பால் கலந்ததுபோல மங்கி, அறைக் கதவைத் திறந்ததும் வாடை அடிக்கும். ஒரு நாள் அம்மம்மா கேட்டார்: "நேற்றுத்தானே பிள்ளை கழுவினனீ, பிறகேன் மணக்குது?"

கழுவியதால்தான் மணந்தது. இது எனக்குப் புரியச் சில வாரங்கள் எடுத்தன. ஆமைத் தொட்டியை உண்மையில் சுத்தம் செய்பவை கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள். நான் ஒவ்வொரு நாளும் அவற்றைத் தேய்த்தெடுத்துக் கானுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஓ.எல். விஞ்ஞானப் பாடத்தில் 'நைதரசன் வட்டம்' என்று வட்டமாக அம்புக்குறி போட்டுப் படித்தோமே, அதுதான் விஷயம். வயலிலும் குளத்திலும் நடக்கும் அதே வேலை, வீட்டு மூலையில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குள்ளும் நடக்க வேண்டும். அது நடந்தால் கழுவும் வேலை பாதிக்கும் கீழே குறையும், ஆமையும் நிம்மதியாக இருக்கும்.

எந்த ஆமை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் பச்சை ஆமை, செங்காது ஆமை. அதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். ஆமை வளர்ப்பு என்று இணையத்தில் தேடினால் 'பெட்டி ஆமை' பற்றிய குறிப்புகளும் நிறைய வரும். அதுவும் அமெரிக்க ஆமைதான், ஆனால் பெரும்பாலும் தரையில் வாழ்வது. அதன் வயிற்றுப்புற ஓட்டில் கீல் போன்ற மடிப்பு உண்டு. தலையையும் கால்களையும் உள்ளே இழுத்து, பெட்டியை மூடுவதுபோல மூடிக்கொள்ளும். அதற்கு ஈரமண்ணும் சருகும் போட்ட இடம் வேண்டும். செங்காது ஆமையோ வாயில் எடுத்ததை விழுங்குவதற்குக்கூடத் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்குச் செய்யக் கூடாது. நம் நாட்டுப் பாலாமையையும் நட்சத்திர ஆமையையும் குளத்துக் கறுப்பு ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அவற்றைப் பாதுகாக்கின்றன. மழை நாளில் ரோட்டோரம் ஓர் ஆமை கண்ணில் பட்டால் அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

சரி, தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆமை சாப்பிடுகிறது, கழிக்கிறது. மிச்ச உணவு அடியில் கிடந்து அழுகுகிறது. இவை எல்லாவற்றிலிருந்தும் வருவது அமோனியா. அமோனியாவுக்கு நிறம் இல்லை. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும்போதே அது நிறையக் கலந்திருக்கலாம். மீனுக்குச் செவுள் எரிந்துபோகும். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவதால் உடனே சாகாது. ஆனால் கண்ணும் தோலும் அரிக்கும், ஓட்டில் நோய் பிடிக்க வழி திறக்கும். தண்ணீரின் வெப்பம் ஏற ஏற அமோனியாவின் நச்சும் ஏறும். கொழும்பில் நம் தொட்டித் தண்ணீர் வருடம் முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

இந்த அமோனியாவை உண்டு வாழும் ஒரு வகை பக்டீரியா இருக்கிறது. அது அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை எடுத்து நைத்திரேற்றாக மாற்றும். கடைசியில் வரும் இது ஓரளவு சாது. நிறையச் சேர்ந்தால்தான் தொல்லை. மண்ணில் இந்த வேலையைச் செய்யும் உயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி, 1890 அளவில். பாடப்புத்தகத்தின் இரண்டு சொற்களும் ஒன்றுபோல ஒலித்துக் குழப்புவதால், இனி கடைக்காரர் சொல்வதுபோல நைட்ரைட், நைட்ரேட் என்றே எழுதுகிறேன்.

அம்மம்மாவுக்கு நான் இதை விளங்கப்படுத்தியது அவருடைய ஊர்க் கிணற்றை வைத்துத்தான். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பல கிணறுகளில் மீனோ ஆமையோ கிடக்கும். வருடத்தில் ஒரு நாள் கிணறு இறைப்பார்கள், அவ்வளவுதான். கிணற்றுக் கல்லை யாரும் கிழமைக்கு ஒரு முறை சவர்க்காரம் போட்டுத் தேய்க்கவில்லை. ஆனாலும் தண்ணீர் நாறவில்லை. ஒரு ஆமைக்கு அத்தனை ஆயிரம் லீற்றர் தண்ணீர். சுற்றுக் கட்டின் ஒவ்வொரு கல்லிலும் வழுவழுப்பாகப் படிந்திருப்பது அந்த பக்டீரியாக்களின் குடியிருப்பு. "அப்ப அந்த வழுவழுப்பு ஊத்தை இல்லையோ?" என்று கேட்டார். இல்லை அம்மம்மா, பில்டரின் ஸ்பொஞ்சிலும் அதேதான் படிகிறது, அதைத்தான் நான் கழுவிக் கொட்டினேன் என்றேன். (அதே ஊர்க் கிணறுகளில் இன்று நைட்ரேட் கூடிவிட்டது என்பது வேறொரு வேதனை. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் காரணம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.)

இந்த பக்டீரியாக்களுக்கு வேண்டியவை மூன்று: ஒட்டியிருக்க ஓர் இடம், ஓடும் தண்ணீரில் வரும் ஒட்சிசன், அமோனியா. பில்டர் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கொடுக்கிறது. பில்டர் என்றால் அழுக்கை வடிக்கும் வலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அழுக்கைப் பிடிப்பது அதன் சின்ன வேலை. பெரிய வேலை பக்டீரியாவுக்கு வீடாக இருப்பது. உள்ளே ஸ்பொஞ்சும் பீங்கான் வளையங்களும் வைப்பது, சின்ன இடத்துக்குள் பெரிய மேற்பரப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக. ஆமை மீனைவிட எவ்வளவோ கூடுதலாக அழுக்காக்கும். அதனால் பெட்டியில் 100 லீற்றர் தொட்டிக்கு என்று எழுதியிருக்கும் பில்டர் 100 லீற்றர் ஆமைத் தொட்டிக்குப் போதாது. இரண்டு, மூன்று மடங்கு பெரிதாக வாங்குங்கள். பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்றால் இதில் செலவழியுங்கள் என்பேன்.

புதுத் தொட்டியில் இந்தக் குடியேற்றம் நிறைவேற நாலு முதல் ஆறு கிழமை வரை எடுக்கும். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கிய பிறகு நைட்ரேட் மட்டும் மெல்ல மெல்லக் கூடும். இந்த நாட்களில் ஒருமுறை தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். நான் பயந்து கழுவிய கலங்கல் அதுதான். அது தானாகவே தெளியும். பொறுக்க முடியாமல் முழுவதையும் ஊற்றினால் முதலாம் நாளுக்குத் திரும்புவீர்கள். ஆமை அதற்குள் இருக்கிறதே என்றால், இரண்டு நாளைக்கு ஒரு முறை கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், பில்டரைத் தொட வேண்டாம். நீண்ட நாளாக நல்ல மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவரிடம் ஒரு துண்டு பழைய ஸ்பொஞ் கேட்டு வாங்கி உங்கள் பில்டருக்குள் வையுங்கள். புதுத் தயிருக்கு உறை மோர் விடுவதுபோலத்தான் அது. காய்ந்துபோகாமல் அந்தத் தொட்டித் தண்ணீரோடேயே எடுத்து வாருங்கள்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று கண்ணால் சொல்ல முடியாது. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட் வாங்கினால் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்ட வேண்டும். நைட்ரேட் லீற்றருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது.

குடியேற்றம் முடிந்த பிறகும் ஸ்பொஞ்சில் கசடு அடைக்கும், தண்ணீர் வரும் வேகம் குறையும். அப்போது கழுவத்தான் வேண்டும். ஆனால் பைப்பின் கீழே பிடிக்கக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, அதற்குள் இரண்டு மூன்று தடவை பிழிந்து எடுத்தால் போதும். ஸ்பொஞ் மண்ணிறமாகவே இருக்கட்டும். கிழிந்துபோனால் பாதியை இந்த மாதம் மாற்றுங்கள், மற்றப் பாதியை அடுத்த மாதம். சவர்க்காரம், டெட்டோல் எதுவும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

பைப் தண்ணீர் ஏன் ஆகாது? கொழும்புக்கு வரும் தண்ணீரின் பெரும்பகுதி களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்படுகிறது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. நாம் குடிப்பதற்காக அதில் குளோரின் சேர்க்கிறார்கள். பக்டீரியாவைக் கொல்வதுதான் குளோரினின் வேலை. நமது பக்டீரியா, கெட்ட பக்டீரியா என்று அது பிரித்துப் பார்க்காது. ஆகவே முதல் நாளே வாளிகளில் பிடித்துத் திறந்து வைத்துவிட்டால் அடுத்த நாளைக்குள் குளோரின் பெரும்பாலும் பறந்துபோகும். அவசரம் என்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சில துளி போதும். ஒரு எச்சரிக்கை: அந்த வாளியை மறந்து ஒரு கிழமை வைத்துவிடாதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிட்டுப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். நான் வாளிகளைப் பழைய நுளம்பு வலைத் துண்டால் மூடித்தான் வைக்கிறேன்.

மின்வெட்டையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். பில்டர் நின்றால் அதற்குள் தேங்கிய தண்ணீரில் ஒட்சிசன் சில மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். நமது பக்டீரியாக்கள் சாகத் தொடங்கும், உள்ளே அழுகல் தொடங்கும். கரண்ட் வந்ததும் பில்டர் அந்த நாற்றத் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். நீண்ட நேரம் கரண்ட் போனால் ஸ்பொஞ்சையும் வளையங்களையும் வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே போட்டு வையுங்கள். கரண்ட் வந்த பிறகு பில்டருக்குள் தேங்கியதைக் கொட்டிவிட்டு மீண்டும் பொருத்துங்கள். அன்று ஆமைக்குச் சாப்பாடும் போட வேண்டாம். ஒரு நாள் பட்டினி அதற்கு ஒன்றும் செய்யாது.

தொட்டியின் அளவு பற்றி நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். முதல் தொட்டி 20 லீற்றர். 5 சென்ரிமீற்றர் குட்டிக்கு அது தாராளம் என்று தோன்றியது. வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் பொதுக் கணக்கு, ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் சுமார் 15 லீற்றர். அப்படிப் பார்த்தால் அந்தக் குட்டிக்கே 75 வேண்டும். இது நீந்துவதற்கு மட்டும் சொல்லப்படும் கணக்கு இல்லை. ஒரே அளவு கழிவு 20 லீற்றரில் கலப்பதற்கும் 180 லீற்றரில் கலப்பதற்கும் ஒன்பது மடங்கு வித்தியாசம் இருக்கிறது. சின்னத் தொட்டி வைத்திருப்பவருக்குத்தான் வேலை அதிகம். பெண் ஆமை 25 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடும். அப்போது தொட்டி எங்கே நிற்கும், தொடர்மாடி அறையில் அந்தப் பாரம் எந்தச் சுவரோரம் இருக்கும் என்று வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். 20, 30 வருடம் வாழும் உயிர். ஆறு வயதுப் பிள்ளைக்கு விளையாட வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் காலத்திலும் அது இருக்கும்.

அடியில் சின்னக் கூழாங்கல் போடாதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் கசடு இடுக்கில் தேங்கும். ஆமை கல்லை விழுங்கிக் குடல் அடைபடுவதும் உண்டு. ஆமையின் தலையைவிடப் பெரிய கல்லாக இருக்கட்டும், அல்லது வெறும் கண்ணாடியே இருக்கட்டும். என்னுடையது வெறும் கண்ணாடிதான். குழாயை வைத்துக் கசடை இழுக்க வசதி. ஆனால் அந்தக் குழாயை வாயால் உறிஞ்சித் தொடக்க வேண்டாம்.

சாப்பாட்டைக் குறைத்தால் அழுக்கும் குறையும். ஆமை எப்போதும் பசி போலத்தான் கண்ணாடியில் மோதும், நம்பக் கூடாது. பெல்லட் அதன் தலை அளவுக்கு மேல் தேவையில்லை. வளர வளரக் கீரை கூட வேண்டும். கங்குன் கீரையை எங்கள் ஆமை விரும்பிச் சாப்பிடுகிறது. இறைச்சி, நெத்தலி எப்போதாவது ஒரு நாள். அந்த நாளில் வேறொரு பேசினில் தண்ணீர் விட்டு அதற்குள் வைத்துக் கொடுத்து, இருபது நிமிடம் கழித்துத் திருப்பி விடுவேன். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று கடையில் ஏதேதோ விற்பார்கள். கணவாய்க்குள் இருக்கும் வெள்ளை ஓட்டைக் கழுவிக் காயவைத்துத் தண்ணீரில் போட்டால் அது கொறித்துக்கொள்ளும்.

தண்ணீர் சரியாகிவிட்டால் பாதி சௌகரியம் வந்துவிட்டது. மறுபாதி, முழுதாக ஏறிக் காயக்கூடிய ஒரு மேடை. செங்காது ஆமை ஒவ்வொரு நாளும் தண்ணீரை விட்டு வெளியே வந்து உடலும் ஓடும் உலரக் காய வேண்டும். எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால் ஓடு அழுகும். மேடைக்கு மேலே ஒரு வெப்ப மின்குமிழ், அந்த இடம் 30 முதல் 35 பாகை. தண்ணீர் 24 முதல் 28 பாகை இருந்தால் போதும். கொழும்பில் அதற்கு ஹீட்டர் வேண்டியதில்லை. ஏசி அறை என்றால் மட்டும் ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். அப்புறம் புறஊதா பி ஒளி. உடலில் விட்டமின் டி3 உருவாக அது வேண்டும். அது இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து கொடுத்தும் ஓடு மெதுவாகும். ஜன்னலோரம் வைத்திருக்கிறேனே என்பார்கள். ஜன்னல் கண்ணாடி புறஊதா பியைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். கடல் பக்கம் பார்த்த ஜன்னலில் பின்னேர வெயில் நேரே விழுந்தால் தொட்டி அடுப்பாகிவிடும். ஆகவே அதற்கென்று உள்ள மின்குமிழ் வாங்கி, அது எரிந்துகொண்டிருந்தாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும், புறஊதா அளவு அதற்குள் குறைந்துவிடும். ஓடு மினுங்கட்டும் என்று சிலர் தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். பில்டர், மின்குமிழ் வயர்கள் பிளக் பொயின்டுக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. தொட்டிக்குள் கை விடும் முன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

கையையும் சொல்ல வேண்டும். ஆமை நோயில்லாமல் இருந்தாலும் அதன் உடலில் சல்மனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்பதை 1975இல் தடை செய்ததே, சின்னப் பிள்ளைகள் அவற்றால் நோயில் விழுந்ததால்தான். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிச் சாமான்களைக் குசினி சிங்கில் கழுவவே கூடாது. என் அக்காவின் இரண்டு வயது மகன் வரும் நாட்களில் அந்த அறையைப் பூட்டிவிடுவேன்.

வளர்க்க முடியாமல் போனால் பேர வாவியிலோ தியவன்னாவிலோ விட்டுவிடும் எண்ணம் வேண்டாம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் செங்காது ஆமையும் இருக்கிறது. 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது இந்த வாவிகளையும் சதுப்புகளையும் வைத்துத்தான். அங்கே வெயில் காயும் கட்டையும் இரையும் பாலாமைக்கும் கறுப்பு ஆமைக்கும் உரியவை. வளர்க்கத் தெரிந்த இன்னொருவரைத் தேடிக் கொடுங்கள். அதற்கு நாளாகும், அதுவரை நாம்தான் பார்க்க வேண்டும்.

இப்போது எங்கள் ஆமை 12 சென்ரிமீற்றர், தொட்டி 180 லீற்றர். சனிக்கிழமை காலையில் குழாயால் அடிக் கசடோடு நாலு வாளி தண்ணீர் எடுப்பேன், வெள்ளி இரவு பிடித்து வைத்த நாலு வாளி ஊற்றுவேன். மாதம் ஒரு முறை ஸ்பொஞ் பிழிவேன். மொத்தமாக அரை மணித்தியாலம். எடுத்த தண்ணீரில் இருக்கும் நைட்ரேட் செடிக்கு உரம் என்பதால் பல்கனியில் இருக்கும் செவ்வரத்தைக்கும் மல்லிகைக்கும் ஊற்றுகிறேன். பச்சையாகச் சாப்பிடும் வல்லாரைச் சட்டிக்கு மட்டும் ஊற்றுவதில்லை, கிருமிப் பயம்தான். அம்மம்மா இப்போதெல்லாம் தொட்டிக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்து பேப்பர் படிக்கிறார்.